தேவலோகம் போன கிரேக்க மனிதர்களை வானத்தில் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் யாரைத் தேடுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கிரேக்கப் பெயர் தாங்கிய விண்மீன் குழுக்கள் பல. ஆனால் அந்தப் பெயருக்குரிய எல்லோரும் தேவர்களோடு வாழப் போனவர்கள் அல்லர். ஓரியன், பெர்சியூஸ், ஆண்ட்ரோமிடா ஆகியோருக்கு வானத்தில் கிடைத்தது நினைவுச் சித்திரம் மட்டும்தான். தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலையில் அவர்களுக்கு இருக்கையும் இல்லை, விருந்தும் இல்லை. கலிஸ்டோ கரடியாக மாற்றப்பட்டு, அந்த உருவிலேயே வானில் வைக்கப்பட்டவள். இந்த இரண்டு வகையையும் ஒன்றாகக் கலப்பதுதான் தொடக்கத்தில் நேரும் பெரிய தவறு.

பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. பழைய கிரேக்கப் பாடல்கள் ஒரு மனிதன் தேவனானதைச் சொல்லும்போது ‘சாவாத’, ‘மூவாத’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே சொல்லும். நம்மிடம் சாவாமையும் மூவாமையும் தனித்தனிச் சொற்களாக இருப்பதால் இது எளிதில் பிடிபடும். டித்தோனஸ் கதை இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது. அவனைக் கவர்ந்து சென்ற வைகறைத் தேவி இயோஸ், தேவர்களின் அரசன் ஜீயஸிடம் சாவாமையைக் கேட்டாள், மூவாமையைக் கேட்க மறந்தாள். அவன் சாகவில்லை. உடல் வற்றி, கைகால் அசைக்க முடியாமல், ஓர் அறைக்குள் அடைக்கப்பட்டு, ஓயாத குரலாக மட்டும் மிஞ்சினான். அவனுக்கு விண்மீன் குழு கிடையாது. கானிமீடுக்கும் அரியாட்னிக்கும் இரண்டு சொற்களும் கிடைத்தன. ஹெராக்ளீஸுக்கு இரண்டோடு ஒரு மனைவியும் கிடைத்தாள். அவள் பெயர் ஹெபி, பொருள் ‘இளமை’.

நாம் தேடப்போவது இவர்களை: ஹெராக்ளீஸ், அஸ்க்ளீப்பியஸ், அரியாட்னியின் மகுடம், கானிமீட், காஸ்டரும் பாலிட்யூசீஸும். இவர்களோடு, கதையில் வராமல் வரலாற்றில் வந்த ஆன்டினோவஸ் என்ற இளைஞனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு பாய், சிவப்பு செலோபன் தாள் சுற்றிய டார்ச், 10x50 பைனாகுலர், பென்சில், கோடில்லாத நோட்டு. தொலைநோக்கி இரண்டு இடங்களில்தான் தேவைப்படும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை செல்பேசித் திரையைப் பார்த்தால் அந்தக் காத்திருப்பு வீண், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள் நல்ல காலம்.

வானத்தில் தூரத்தைக் கையால் அளக்கலாம். கையை முழுதாக நீட்டி மூடிய முட்டியின் அகலம் சுமார் 10 பாகை, நடு மூன்று விரல்கள் 5 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. சிறுவர்களுக்கும் இதே அளவு பொருந்தும். கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு. பிரகாசத்தைக் குறிக்கும் பொலிவெண் சிறியதாக இருந்தால் விண்மீன் பளிச்சென்று இருக்கும். நகரத்து மொட்டை மாடியில் பொலிவெண் 3 வரை தெரிந்தாலே நல்ல இரவு. மின்விளக்கு இல்லாத கிராமத்து வெளியில் 6 வரை போகலாம்.

தலையோடு தலை சேர்ந்த இருவர்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்ப்பவர்களுக்குக் கிரேக்கர்களுக்கே வாய்க்காத ஒரு காட்சி வாய்க்கிறது. ஆகவே இங்கிருந்து தொடங்குவதே சரி.

ஹெராக்ளீஸின் விண்மீன் குழுவை ஏதென்ஸிலிருந்து பார்த்தால், தெற்கு நோக்கி நிற்பவருக்கு அது தலைகீழாகத் தெரியும். தலை தெற்கே தாழ்ந்து, பாதங்கள் வடக்கே உயர்ந்திருக்கும். ஏதென்ஸ் 38 பாகை வட அகலாங்கில் இருப்பதே காரணம். நம் ஊர்கள் கன்னியாகுமரியின் 8 பாகைக்கும் சென்னையின் 13 பாகைக்கும் இடையில் இருக்கின்றன. யாழ்ப்பாணம் 10க்குச் சற்றுக் குறைவு. ஹெராக்ளீஸின் தலை விண்மீனான ராசல்கெத்தி வான நடுக்கோட்டுக்கு வடக்கே 14 பாகையில் இருக்கிறது. எனவே அது நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும். உடல் வடக்கு நோக்கி இறங்கும். வடக்கே பார்த்தால் அவன் தலை மேலும் கால் கீழுமாக நேராகத் தெரிவான்.

ராசல்கெத்தியிலிருந்து மூன்று விரல் அகலத்தில், அதாவது 5 பாகையில், ராசல்ஹேக் என்ற இன்னொரு விண்மீன் இருக்கிறது. அது அஸ்க்ளீப்பியஸின் தலை, 12 பாகைக்குச் சற்று மேல். சென்னையில் அது உச்சியை ஒட்டியே கடக்கும். அவன் உடல் தெற்கே இறங்கி, பாதங்கள் விருச்சிகத்துக்கு மேல் நிற்கும். ஒருவன் வடக்கே நிற்க, மற்றவன் தெற்கே நிற்க, இருவர் தலையும் நம் தலைக்கு மேல் சேர்கின்றன. இருவருமே ஜீயஸின் வழிவந்தவர்கள், மனிதத் தாய்க்குப் பிறந்தவர்கள், நெருப்பால் உயிர் நீத்தவர்கள். ஹெராக்ளீஸ் நஞ்சு தோய்ந்த ஆடையின் வேதனை தாங்காமல் ஓய்ட்டா மலையில் சிதை அடுக்கச் சொல்லி அதில் ஏறினான். இடி முழங்க ஒரு மேகம் அவனைத் தூக்கிச் சென்றது. அஸ்க்ளீப்பியஸ் அப்பல்லோவின் மகன், மருத்துவன். இறந்தவரை எழுப்பியதற்காக ஜீயஸ் இடியால் அவனைக் கொன்றான், பிறகு அப்பல்லோவின் மனம் ஆறுவதற்காக வானில் இடம் தந்தான்.

பார்க்கும் முறை இது. ஜூலை 20ஐ ஒட்டி இரவு 9 மணிக்கு இருவரும் உச்சிக்கு வருவார்கள். ஆனால் அந்த மாதம் மாலை மேகம் அடிக்கடி கெடுத்துவிடும். வானம் தெளிவாகக் கிடைக்கும் காலம் மார்ச் கடைசி. அப்போது அதிகாலை 4.30க்கு இதே காட்சி. ஏப்ரல் கடைசியில் இரவு 2.30, ஜூன் முதல் வாரத்தில் நள்ளிரவு. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னே நகரும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

பாயைப் போட்டு, காலை வடக்கே நீட்டி மல்லாந்து படுங்கள். நின்றபடி உச்சியைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், படமும் மனதில் நிற்காது. முதலில் கிழக்குப் பக்கம் (படுத்திருக்கும் உங்களுக்கு வலக்கை) வெண்ணீலமாக மின்னும் வேகாவையும், மேற்கே (இடக்கை) செம்மஞ்சளாக ஒளிரும் சுவாதியையும் பிடியுங்கள். சுவாதியிலிருந்து வேகாவுக்கு மனதில் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் முதல் மூன்றிலொரு பங்கில் அரியாட்னியின் மகுடம் இருக்கும், மூன்றில் இரண்டு பங்கில் ஹெராக்ளீஸின் இடுப்பு. இடுப்பு என்பது ஒரு பக்கம் அகன்ற நாற்கரம். அதன் நான்கு மூலைகளும் ஈட்டா, சீட்டா, எப்சிலான், பை என்ற கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படும் விண்மீன்கள்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். நான்கில் சீட்டாவின் பொலிவெண் 2.8, எப்சிலானுடையது 3.9. நகரத்தில் எப்சிலான் மறைந்துவிடுவதால் நாற்கரம் முக்கோணமாகிவிடும், ‘இது இல்லை போலிருக்கிறது’ என்று நகர்ந்துவிடுவார்கள். பைனாகுலரால் நான்காவது மூலையை உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த தவறு தலையில். ராசல்ஹேக்கின் பொலிவெண் 2.1. ராசல்கெத்தி 3ஐ ஒட்டி ஏறி இறங்கும் மாறொளி விண்மீன். பளிச்சென்று இருப்பதையே ஹெராக்ளீஸின் தலை என்று கொண்டால் உருவம் கோணலாகிவிடும். நிறத்தைப் பாருங்கள். செம்மஞ்சளாக, மங்கலாக இருப்பது ஹெராக்ளீஸ். வெண்மையாக இருப்பது அஸ்க்ளீப்பியஸ்.

நாற்கரத்தின் மேற்கு விளிம்பில், ஈட்டாவிலிருந்து சீட்டாவை நோக்கி மூன்றிலொரு பங்கு தூரத்தில் எம்13 என்ற விண்மீன் கொத்து இருக்கிறது. எட்மண்ட் ஹாலி 1714இல் கண்டது. பொலிவெண் 5.8. பைனாகுலரில் பஞ்சுத் துணுக்குபோலத் தெரியும். 15 செ.மீ. தொலைநோக்கியில் 100 மடங்கு பெரிதாக்கினால் விளிம்பில் தனித்தனி விண்மீன்கள் பிரியத் தொடங்கும். சில லட்சம் சூரியன்கள் அங்கே இருக்கின்றன, 20,000 ஒளியாண்டுக்கு அப்பால்.

பிறகு எழுந்து காலைத் தெற்கே நீட்டிப் படுத்து அஸ்க்ளீப்பியஸைப் பாருங்கள். வடக்கே தலைவைத்துப் படுக்க விரும்பாதவர்கள் சாய்வு நாற்காலியைத் தெற்கே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், உச்சியைத் தவிர எல்லாம் தெரியும். அவன் உருவம் கூரை வேய்ந்த வீடுபோல ஒரு பெரிய ஐங்கோணம். உள்ளே பளிச்சென்ற விண்மீன் ஏதும் இல்லாத வெறும் வெளி. இரு கைகளிலும் பிடித்த பாம்பு இருபுறமும் தனி விண்மீன் குழுவாக நீள்கிறது.

ஒன்றை மனதில் வையுங்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் விண்மீன் குழுக்களைப் பாடலாக எழுதிய அராட்டஸ், இந்த இரண்டு தலைகளும் அருகருகே இருப்பதைச் சொல்கிறார், ஆனால் இருவருக்கும் பெயர் சொல்வதில்லை. ஒருவன் ‘மண்டியிட்டவன்’, யாரென்று யாருக்கும் தெரியாது என்கிறார். மற்றவன் ‘பாம்பை ஏந்தியவன்’. ஹெராக்ளீஸ், அஸ்க்ளீப்பியஸ் என்ற பெயர்கள் பிறகு இந்த உருவங்களுக்கு வந்து சேர்ந்தவை. ஆகவே ‘ஹோமர் காலத்துக் கிரேக்கர்கள் இங்கே ஹெராக்ளீஸைப் பார்த்தார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். ஹோமரிடமே ஹெராக்ளீஸின் முடிவு ஒன்றல்ல. இலியட்டில் அவன் சாவுக்குத் தப்பவில்லை. ஒடிசியில் அவன் நிழல் பாதாளத்தில் நிற்கிறது, அவனோ ஹெபியோடு தேவர்களின் விருந்தில் இருக்கிறான். அந்த ஒடிசி வரிகள் பிற்செருகல் என்று பழங்காலத்திலேயே ஐயம் எழுந்தது.

மகுடம்

அரியாட்னி வானத்தில் இல்லை. அவள் மதுவின் தேவன் டையோனைசஸின் மனைவியாகி, ஜீயஸால் சாவாமையும் மூவாமையும் பெற்று, தேவர்களோடு இருக்கிறாள். வானில் இருப்பது அவள் மணமகுடம். (ஒடிசியில் வேறு முடிவு: ஆர்ட்டெமிஸ் அவளைக் கொன்றுவிடுகிறாள்.) ஏழு விண்மீன்கள் அரைவட்டமாக நிற்கும். நடுவில் பளிச்சென்று இருப்பது அல்ஃபெக்கா, பொலிவெண் 2.2. நகரத்தில் அது ஒன்றுதான் தெரியும். அரைவட்டத்தை அப்படியே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மகுடத்தின் எப்சிலான் விண்மீனுக்கு ஒரு பாகை பக்கத்தில் டி கொரோனே பொரியாலிஸ் என்ற விண்மீன் இருக்கிறது. வழக்கமாகப் பொலிவெண் 10, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1866இலும் 1946இலும் அது வெடித்து, அல்ஃபெக்காவுக்கு இணையாக ஒளிர்ந்து, சில நாட்களில் மங்கியது. மகுடத்தில் இல்லாத ஒரு மணி திடீரென்று தெரிந்தால் அதை அடையாளம் காண, முந்தைய இரவுகளின் படம் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

கழுகும் இரண்டு இளைஞர்களும்

செப்டம்பர் முதல் வாரம் இரவு 9 மணிக்கு உச்சிக்கு அருகில் திருவோணம். மேலை வானியல் அதை ஆல்டேர் என்கிறது, பொலிவெண் 0.8. இரு பக்கமும் ஒவ்வொரு சிறு விண்மீன் காவல் நிற்பதால் தவறவிடவே முடியாது. இதுதான் கழுகு. ட்ராய் அரசன் ட்ரோஸின் மகன் கானிமீடைத் தூக்கிச் சென்ற பறவை என்று சொல்வார்கள். ஆனால் இலியட்டில் கழுகு கிடையாது. அவன் மனிதரில் பேரழகன் என்பதால், ஜீயஸுக்கு மது ஊற்றத் தேவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதோடு அது நிற்கிறது. அப்ரோடைட்டியைப் பாடும் பழைய துதியில் தூக்கிச் செல்வது சுழற்காற்று. மகன் எங்கே போனான் என்று தெரியாமல் தந்தை ஓயாது அழுகிறான். ஜீயஸ் ஈடாகத் தெய்வக் குதிரைகளைத் தருகிறான், தூதன் ஹெர்மிஸ் வந்து ‘உன் மகனுக்கு இனி சாவும் மூப்பும் இல்லை’ என்று சொல்கிறான். கழுகு இந்தக் கதைக்குள் அதற்குப் பிறகு வந்தது.

திருவோணத்துக்குத் தெற்கே இரண்டு முட்டி தூரத்துக்குள் ஆறு விண்மீன்கள். உரோமப் பேரரசன் ஹேட்ரியனின் அன்புக்குரிய ஆன்டினோவஸ், கி.பி. 130இல் நைல் ஆற்றில் மூழ்கி இறந்தான். அரசன் அவனைத் தெய்வமாக்கினான். அந்த நூற்றாண்டிலேயே டாலமி தன் விண்மீன் பட்டியலில் கழுகை அடுத்த இந்த ஆறுக்கும் அவன் பெயர் வழங்குவதைக் குறித்தார். பிற்கால வரைபடங்களில் சில இதே உருவத்தைக் கானிமீடாகக் கொண்டன. 1922இல் உலக வானியல் ஒன்றியம் ஏற்ற 88 குழுக்களில் ஆன்டினோவஸ் இல்லை. அதனால் செயலிகளில் தேடினால் கிடைக்க மாட்டான், கழுகின் பகுதியாகவே காட்டும். ஆறில் ஈட்டா மாறொளி விண்மீன். 7.18 நாளில் பொலிவெண் 3.5க்கும் 4.4க்கும் இடையே ஏறி இறங்கும். அருகிலுள்ள டெல்டா 3.4, அயோட்டா 4.4. தினமும் ஒரே நேரத்தில், ஈட்டா எதற்கு நெருக்கமாக இருக்கிறது என்று பத்து நாள் குறித்தால் அந்தச் சுழற்சி உங்கள் நோட்டிலேயே வந்துவிடும்.

கானிமீட் என்று கிரேக்கர்கள் காட்டிய உருவம் கும்பம், நீர் ஊற்றும் இளைஞன். இந்த உருவம் கானிமீடைவிடப் பழையது. பாபிலோனியர்கள் இதில் நிரம்பி வழியும் குடங்களை ஏந்திய ஒரு தெய்வத்தைக் கண்டார்கள், கிரேக்கர்கள் தங்கள் பெயரை இட்டார்கள், பன்னிரு ராசிகள் கிரேக்க வானியலின் வழியே இந்தியா வந்தபோது குடம் நம்மிடமும் தங்கிவிட்டது. கண்டுபிடிக்க, பெகாசஸ் சதுரத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து (பூரட்டாதி விண்மீன்களில் ஒன்று) இன்னும் தென்மேற்கே ஒன்றரை முட்டிக்குச் சற்று மேல் போங்கள். மூன்று கிளைபோல நான்கு சிறு விண்மீன்கள் இருக்கும், அதுதான் குடத்தின் வாய். பொலிவெண் 4ஐ ஒட்டியது, நகரத்தில் பைனாகுலர் இல்லாமல் முடியாது. அங்கிருந்து நீர் மங்கலான விண்மீன் வரிசையாகத் தெற்கே இறங்கி, தனியாக ஒளிரும் ஃபோமல்ஹாட்டில் போய்ச் சேரும். மாலையில் பார்க்க அக்டோபர் நடுப்பகுதிதான் கணக்குக்குச் சரி. ஆனால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். செப்டம்பர் நடுவில் இரவு 11 மணியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கானிமீடுக்கு இன்னோர் இடமும் உண்டு, வியாழனின் பக்கத்தில். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களுக்கு ஐயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்று 1614இல் பெயர் வெளியிட்டவர் சைமன் மாரியஸ். நால்வருமே ஜீயஸ் விரும்பியவர்கள். அந்த நால்வரில் ஒலிம்பஸில் குடியமர்ந்து மது ஊற்றியவன் கானிமீட். பெயரிட்டவரின் தேர்வு இந்த இடத்தில் நன்றாகப் பொருந்துகிறது. அந்தத் துணைக்கோளின் விட்டம் 5,268 கி.மீ., புதன் கோளைவிடப் பெரியது.

பைனாகுலரைக் கையில் பிடித்தால் ஆடும். தூணில் சாய்த்தோ முக்காலியில் கட்டியோ பாருங்கள். வியாழனின் கண்கூசும் ஒளி மறைத்தால், அதைக் கூரை விளிம்புக்குப் பின் ஒளித்துவிட்டுப் பக்கத்தில் தேடலாம். கோட்டில் நிற்கும் புள்ளிகளில் மிகவும் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் கானிமீட், ஆனால் ஒரே இரவில் உறுதி சொல்ல முடியாது. எட்டு இரவுகள் ஒரே நேரத்தில் புள்ளிகளை வரைந்து வாருங்கள். கானிமீட் ஒரு சுற்று முடிக்க 7 நாள் 3 மணி 43 நிமிடம். அதைவிடத் தொலைவாகப் போகும் மங்கலான புள்ளி கலிஸ்டோ, அதற்கு 16 நாளுக்கு மேல் ஆகும். எட்டாம் இரவில் ஐயோ, யூரோப்பா, கானிமீட் மூன்றுமே முதல் இரவின் இடத்துக்கு ஏறக்குறைய திரும்பியிருக்கும். அந்த மூன்றில் வியாழனைவிட்டு மிகத் தொலைவு போய் வந்த புள்ளிதான் நீங்கள் தேடியவன்.

இரட்டையர்

காஸ்டர், பாலிட்யூசீஸ். ஒரே தாய் லீடாவின் பிள்ளைகள். காஸ்டர் மனிதத் தந்தைக்குப் பிறந்தவன், சாகக்கூடியவன். பாலிட்யூசீஸ் ஜீயஸின் மகன். மாட்டுமந்தைச் சண்டையில் ஐடாஸ் காஸ்டரைக் குத்தி வீழ்த்தினான். ‘உனக்கு முழு அமரத்துவம் உண்டு, வேண்டுமானால் அதில் பாதியைத் தம்பிக்குத் தரலாம்’ என்று ஜீயஸ் சொன்னபோது பாலிட்யூசீஸ் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. அதன்பின் இருவரும் பாதிக் காலம் மண்ணுக்கடியில், பாதிக் காலம் வானத்துப் பொன்மாளிகையில். ‘ஒருவன் மேலே இருக்கும்போது மற்றவன் கீழே’ என்பது பிற்காலத்தில் பரவிய வடிவம். முதலில் இருவரும் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே ஏறினார்கள்.

நமக்கு இவர்கள் புனர்பூசம். மார்ச் முதல் வாரம் இரவு 9 மணிக்கு உச்சிக்குச் சற்று வடக்கே, ஒன்றுக்கொன்று 4.5 பாகை தள்ளி நிற்பார்கள். வடமேற்கில் இருப்பது காஸ்டர், வெண்மை, பொலிவெண் 1.6. தென்கிழக்கில் இருப்பது பாலிட்யூசீஸ், மேலை வரைபடங்களில் பாலக்ஸ், இளஞ்செம்மஞ்சள், 1.1. வரைபடத்தில் காஸ்டருக்கு ஆல்ஃபா என்ற எழுத்து இருப்பதால் அதுவே பிரகாசமானது என்று எண்ணிக் குழம்புவார்கள். நிறத்தை நம்புங்கள், எழுத்தை நம்ப வேண்டாம். 8 செ.மீ. தொலைநோக்கியில் 100 மடங்கு பெரிதாக்கினால் காஸ்டர் இரண்டாகப் பிரியும். உண்மையில் அது ஆறு விண்மீன்களின் குடும்பம். காற்று அசையும் இரவில் பிரியாது. உச்சிக்கு அருகே வரும் வரை காத்திருங்கள்.

இவர்கள் மறைவதைப் பார்க்க ஜூன் முதல் வாரம் இரவு 9 மணியை ஒட்டி, வடமேற்கே மறைப்பில்லாத இடம் வேண்டும். ஏரிக்கரை, வயல்வெளி போதும். தொடுவானத்தின் கடைசி ஐந்து பாகையில் தூசி மங்க வைக்கும், ஆகவே பைனாகுலரில் தொடருங்கள். ஏதென்ஸில் பாலிட்யூசீஸ் முதலில் மறையும், காஸ்டர் பிறகு. நம் அகலாங்கில் இது மாறுகிறது. காஸ்டர் முதலில் இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கன்னியாகுமரியில் சுமார் எட்டு நிமிடம், சென்னையில் ஆறு. காஸ்டர் மறைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பைனாகுலரை அசைக்காமல் பிடித்திருங்கள். அந்த ஆறு எட்டு நிமிடம் பாலிட்யூசீஸ் தனியாக நிற்கும், பிறகு அதுவும் அதே வழியில் இறங்கும்.